46 யூரோ மருந்து 14,000 யூரோ ஆன கதை: ஆஸ்பத்திரி பாமசி உற்பத்தியில் இறங்கியபோது

பெரியாஸ்பத்திரிக்கு வெறும் போத்தலோடு போய் வரிசையில் நின்ற காலத்தை நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டை ஜன்னலில் நீட்டினால், உள்ளே பெரிய ஜாடியில் கலந்து வைத்திருக்கும் தண்ணி மருந்தை ஊற்றித் தருவார்கள். போத்தல் கொண்டு வராதவர் பக்கத்துக் கடையில் காசு கொடுத்து வாங்கி வர வேண்டும். அந்த மருந்துக்குப் பெட்டியும் இல்லை, கம்பனிப் பெயரும் இல்லை. ஆஸ்பத்திரி மருந்து அறையிலேயே கலக்கப்பட்ட சரக்கு அது.

இன்று எல்லாமே அட்டையிலும் பெட்டியிலும் வருகின்றன. அதனால் பாமசி என்றால் வாங்கி விற்கும் இடம் என்றே நினைத்துக் கொள்கிறோம். ஆனால் அந்தப் பழைய வேலை உலகில் எங்கும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளின் பாமசிகளில் இன்றும் மருந்து தயாராகிறது. காரணம் இலேசானது. தொழிற்சாலை எப்போதும் அதிகம் பேர் வாங்கும் அளவைத்தான் செய்யும். இரண்டு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களின் குளிசையில் இருபதில் ஒரு பங்கு தேவைப்படும்போது, அந்த ஒரு குழந்தைக்காக எந்தக் கம்பனியும் மெஷினை ஓட்டாது. பாமசிக்காரர்தான் மருந்தை அளந்து பாணியாகவோ தூளாகவோ செய்து கொடுக்க வேண்டும். புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகளை ஒவ்வொரு நோயாளியின் உடல் அளவுக்கும் ஏற்பக் கலப்பதும், வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் போசாக்குத் திரவத்தைச் சேர்ப்பதும் இந்த வகை வேலைகள்தான். 2020இல் கொரோனா வந்து கை சுத்திகரிக்கும் திரவம் சந்தையில் காணாமல் போனபோது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக் குறிப்பைப் பார்த்து எத்தனையோ நாடுகளில் ஆஸ்பத்திரி பாமசிகள் தாமே அதைக் கலந்தன. நூற்றுக்கு 80 பங்கு எதனோல், 1.45 பங்கு கிளிசரோல், 0.125 பங்கு ஹைட்ரஜன் பெரொக்சைட், மீதி சுத்தமான தண்ணீர். அவ்வளவுதான்.

சட்டமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மருந்தை விற்பதானால் அதற்குப் பதிவு அனுமதி வேண்டும். அதைப் பெற வருடக்கணக்கில் ஆராய்ச்சியும் ஆவணங்களும் வேண்டும். ஆனால் 2001இல் வந்த ஐரோப்பிய மருந்துச் சட்டக் கட்டளையின் மூன்றாவது பிரிவு ஒரு விதிவிலக்குத் தருகிறது. ஒரு நோயாளிக்கென்று வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டின்படி பாமசியில் செய்யப்படும் மருந்துக்கும், மருந்து நூலில் உள்ள முறைப்படி பாமசி தன் சொந்த நோயாளிகளுக்காகச் செய்து நேரடியாகக் கொடுக்கும் மருந்துக்கும் அந்தப் பதிவு தேவையில்லை. தையற்கடைக்கும் ரெடிமேட் கார்மென்ட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைக்கலாம். ஆயிரம் சட்டை தைத்து ஊர் ஊராக அனுப்பப் போனால் நீங்கள் தையற்காரர் அல்ல, பெக்டரிக்காரர். அப்போது பெக்டரிக்குரிய சட்டம் வந்து பிடித்துக் கொள்ளும்.

இந்தச் சின்ன விதிவிலக்கு பெரிய கம்பனியொன்றின் விலையை அசைத்துப் பார்த்த கதை நெதர்லாந்தில், அதாவது நம் முன்னோர் ஒல்லாந்து என்று சொன்ன நாட்டில் நடந்தது. வியாபாரம் செய்பவர் யாரும் தெரிந்திருக்க வேண்டிய கதை. சரக்கு, விலை, ஏகபோகம், தரம் எல்லாமே இதில் வருகின்றன.

சரக்கு என்ன?

பித்தநீரில் இயற்கையாகவே உள்ள ஓர் அமிலம். கீனோடிஒக்சிகோலிக் அசிட் என்று பெயர். வாயில் நுழையாது, ஆகவே எல்லோரும் சி.டி.சி.ஏ. என்கிறார்கள். 1970களிலேயே பித்தப்பைக் கல்லைக் கரைப்பதற்காக இதைக் கொடுத்து வந்தார்கள். பிற்பாடு பித்தக்கல்லுக்கு நல்ல வழிகள் வந்துவிட்டதால் அந்தச் சந்தை சுருங்கியது. ஆனால் மிக அரிதான ஒரு பரம்பரை நோய்க்கு இதே மருந்துதான் கைகொடுக்கிறது என்பதை வைத்தியர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்த நோயைச் சுருக்கமாக சி.டி.எக்ஸ். என்பார்கள். உடலில் ஒரு நொதியம் குறைவாக இருப்பதால், கொலஸ்ட்ரோலைப் போன்ற ஒரு கொழுப்பு மூளையிலும் தசைநாண்களிலும் கண்ணிலும் படிந்துகொண்டே போகும். குழந்தையாக இருக்கும்போது ஓயாத வயிற்றோட்டம், பள்ளிக்கூட வயதில் கண்ணில் வெண்படலம், வாலிபத்தில் குதிகால் நரம்பில் கட்டி, அதன் பிறகு நடையும் நினைவும் தடுமாறும். சி.டி.சி.ஏ.யை நாளாந்தம் எடுத்தால் அந்தக் கொழுப்பு உற்பத்தியாவது அடங்கும். காலத்தோடு ஆரம்பித்தால் ஆள் சாதாரணமாக வாழலாம். நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். நெதர்லாந்தில் இந்த நோயாளிகள் 60 பேரளவில்தான் இருக்கிறார்கள். ஆயுள் முழுக்க ஒரே சரக்கை வாங்கியே தீரவேண்டிய 60 வாடிக்கையாளர்கள்! வியாபாரிக்கு இதைவிடப் பிடிமானமான சந்தை கிடையாது. நோயாளிக்கு இதைவிட ஆபத்தான நிலையும் கிடையாது.

2008 வரையில் இந்த மருந்து 100 கெப்சியூல் கொண்ட பெட்டி ஒன்று 46 யூரோவுக்குக் கிடைத்தது. அந்த வருடத்தில் அது இன்னொரு மருந்துக் குழுமத்தின் கைக்கு மாறியது. பின்னர் லீடியன்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பனி இது. அதன்பின் விலை படிப்படியாக ஏறியது. 2014இல் இந்த நோய்க்கான 'அரிய நோய் மருந்து' என்ற அந்தஸ்தைக் கம்பனி பெற்றது. 2017 ஏப்ரலில் ஐரோப்பாவில் பதிவு அனுமதியும் கிடைத்தது. அதே வருடம் ஜூன் மாதத்தில் 100 கெப்சியூலின் விலை 14,000 யூரோ. ஆரம்ப விலையின் 300 மடங்குக்கும் மேல். கெப்சியூலின் உள்ளே இருந்தது அதே பழைய அமிலம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு மூன்று கெப்சியூல் என்றால் வருடத்துக்கு 1,095. ஒன்று 140 யூரோ. ஆக ஒருவருக்கு வருடம் 153,300 யூரோ. 60 பேருக்குமாகப் போட்டால் 91 இலட்சத்து 98 ஆயிரம் யூரோ. அதே 65,700 கெப்சியூலைப் பழைய 46 யூரோ விலையில் வாங்கியிருந்தால் முழு நாட்டுக்கும் சேர்த்து 30,222 யூரோதான் முடிந்திருக்கும்.

அரிய நோய் அந்தஸ்து எதற்காக என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளிகள் குறைவாக உள்ள நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்க யாரும் முன்வருவதில்லை. ஆகவே அப்படி முன்வருபவருக்கு 10 வருடம் சந்தையில் போட்டி இல்லாமல் காப்பதாக 2000ஆம் ஆண்டு ஐரோப்பா ஒரு சட்டம் கொண்டுவந்தது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. பணத்தைக் கொட்டிப் புது மருந்து கண்டுபிடித்தவருக்கு அது நியாயமான கூலிதான். ஆனால் இங்கே மருந்து ஏற்கனவே இருந்தது. இந்த நோய்க்கு அது வேலை செய்கிறது என்பதும் தெரிந்திருந்தது. பதிவுக்காகக் கம்பனி காட்டிய ஆதாரத்தில் முக்கியமானது என்ன தெரியுமா? இத்தாலியின் சியெனா நகரிலும் நெதர்லாந்தின் நைமேகன் நகரிலும் உள்ள ஆஸ்பத்திரிகளில் பல வருடங்களாக இதே மருந்தை எடுத்து வந்த நோயாளிகளின் பழைய பதிவேடுகள்! ஒல்லாந்துக்காரர்களின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆஸ்பத்திரி இறங்கியது

காப்புறுதிக் கம்பனிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்த வேளையில், அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் பாமசி 2018 ஏப்ரலில் ஒரு காரியம் செய்தது. மூலப்பொருளைத் தானே தருவித்து, தன் பாமசியிலேயே சி.டி.சி.ஏ. கெப்சியூல்களைச் செய்து தன் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஒருவருக்கு வருடச் செலவு 20,000 முதல் 25,000 யூரோ வரை. காப்புறுதிக் கம்பனிகளும் அதற்குப் பணம் தர ஒப்புக்கொண்டன.

கம்பனிக்குத்தான் 10 வருட உரிமை இருக்கிறதே, இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். அந்த உரிமை தடுப்பது இன்னொரு கம்பனிக்குப் பதிவு அனுமதி கொடுப்பதைத்தான். பாமசியின் தயாரிப்புக்குப் பதிவே தேவையில்லை என்று முன்னே சொன்னோம். பதிவு கேட்காதவரைப் பதிவு உரிமையைக் காட்டித் தடுக்க முடியாது. முன்வாசலில் காவல் போட்டவர்கள், வீட்டுக்காரர் புழங்கும் குசினி வாசலைக் கவனிக்கவில்லை.

இங்கே கூர்ந்து பார்க்கும் வியாபாரி இன்னொரு கேள்வி கேட்பார். பழைய விலைப்படி ஒருவருக்கு வருடம் ஏறக்குறைய 500 யூரோதானே, இலாபநோக்கம் இல்லாத ஆஸ்பத்திரிக்கு ஏன் 20,000 ஆகிறது? நல்ல கேள்வி. சிறு அளவில் செய்வதன் விலை அது. தொழிற்சாலை ஒரே ஓட்டத்தில் இலட்சக்கணக்கில் அடிக்கும். பாமசி சில ஆயிரம் கெப்சியூல் செய்தாலும் மூலப்பொருளைப் பரிசோதித்தே ஆக வேண்டும். செய்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து ஒவ்வொன்றிலும் மருந்தின் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று சோதித்துக் காலாவதித் திகதி போட வேண்டும். யார் நிறுத்தார், யார் சரிபார்த்தார், எந்தத் தொகுதி எந்த நோயாளிக்குப் போனது என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். இந்தச் செலவுகள் பத்துக் கெப்சியூலுக்கும் பத்தாயிரத்துக்கும் அநேகமாக ஒன்றுதான். அதோடு மூலப்பொருளும் மலிவாகக் கிடைக்கவில்லை. இத்தாலியில் இதைத் தயாரிக்கும் தொழிற்சாலையோடு லீடியன்ட் ஏற்கனவே தனி ஒப்பந்தம் செய்துவிட்டது. அதாவது தனக்கு மட்டுமே தரவேண்டும் என்று கட்டிப்போட்டிருந்தது. ஊற்றுக் கண்ணிலேயே கை வைக்கும் இந்தத் தந்திரம் நம் சந்தையில் உள்ளவர்களுக்குப் புதிதல்ல.

ஆகவே ஆஸ்பத்திரி சீனாவிலிருந்து மூலப்பொருள் எடுத்தது. சோதனை வந்ததும் அங்கேதான். ஆஸ்பத்திரியின் தயாரிப்பைப் பற்றிக் கம்பனி சுகாதாரப் பரிசோதனை அதிகாரிகளிடம் முறைப்பாடு செய்தது. அதிகாரிகள் வந்து மூலப்பொருளைச் சோதித்தார்கள். உடனடி ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஐரோப்பிய மருந்து நூல் கேட்கும் தூய்மை அதில் இல்லை என்று முடிவு வந்தது. கொடுத்த கெப்சியூல்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு அந்த வருடமே தயாரிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

முறைப்பாடு செய்த கம்பனியின் உள்நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். அதிகாரிகள் செய்தது சரி என்பதே என் அபிப்பிராயம். விலை மலிவு என்பதற்காகவோ செய்பவர் நல்லவர் என்பதற்காகவோ மருந்தின் தரத்தில் கண்ணை மூட முடியாது. ஏலக்காயும் மிளகும் வாங்கும்போது மாதிரி ஒன்று, மூட்டை இன்னொன்றாக வருவதை நாம் பார்த்திருக்கிறோம். மிளகில் பப்பாளி விதை கலந்தால் நட்டத்தோடு போகும். மருந்தில் அப்படியல்ல.

அமெரிக்காவில் 2012இல் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் மருந்து கலக்கும் பாமசி ஒன்று இருந்தது. நியூ இங்கிலன்ட் கம்பவுண்டிங் சென்டர் என்று பெயர். முதுகு வலிக்குப் போடும் ஸ்டீரொயிட் ஊசி மருந்தைச் செய்து பல மாநிலங்களின் ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் அனுப்பியது. மருந்துக் குப்பிகளுக்குள் பூஞ்சணம் போய்விட்டது. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையத்தின் கணக்கில் 753 பேர் பாதிக்கப்பட்டார்கள், 64 பேர் இறந்தார்கள். பாமசி என்ற பெயரில் இருந்துகொண்டு பெக்டரி அளவில் உற்பத்தி செய்தார்கள். ஆனால் பெக்டரிக்குரிய சுத்தமும் சோதனையும் அங்கே இருக்கவில்லை. நடத்தியவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். 2013இல் அமெரிக்கா புதுச் சட்டம் போட்டு, மொத்தமாகக் கலந்து விற்கும் இடங்களைத் தனியாகப் பதிவுசெய்து மத்திய மருந்து அதிகாரசபையின் கண்காணிப்புக்குள் வரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

வாயால் விழுங்கும் கெப்சியூலுக்கும் உடம்புக்குள் ஏற்றும் ஊசிக்கும் ஆபத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஊசி மருந்து என்றால் வடிகட்டிய காற்று ஓடும் தனி அறை, அதற்கென்ற உடுப்பு, கையுறை, கிருமி இருக்கிறதா என்ற சோதனை எல்லாம் வேண்டும். அம்ஸ்டர்டாமில் செய்தது கெப்சியூல். அப்படியிருந்தும் நிறுத்தினார்கள்.

நிறுத்தியவர்கள் கைவிடவில்லை. தூய்மையில் தேறிய மூலப்பொருளைத் தேடிப் பிடித்து 2020 ஜனவரியில் மீண்டும் தொடங்கினார்கள். இந்த முறை தரத்தில் குற்றம் சொல்ல இடம் இருக்கவில்லை.

விலைக்கு விழுந்த தண்டம்

இடையில் இன்னொரு வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக் கம்பனிகளைக் கணக்குக் கேட்பதற்கென்று நெதர்லாந்தில் அமைந்த ஒரு தொண்டு அமைப்பு, 2018இல் அந்நாட்டின் நுகர்வோர், சந்தை அதிகாரசபையிடம் முறையிட்டது. 2021 ஜூலையில் தீர்மானம் வந்தது: லீடியன்டுக்கு 1 கோடி 95 இலட்சம் யூரோவுக்கும் அதிகமான தண்டம். 2017 ஜூனிலிருந்து 2019 முடிவு வரை, அதாவது அம்ஸ்டர்டாம் பாமசியின் சரக்கு உறுதியாக வந்து சேரும் வரை, சந்தையில் தனக்கிருந்த ஆதிக்கத்தைக் கம்பனி துஷ்பிரயோகம் செய்தது என்பதே குற்றச்சாட்டு. கம்பனி அதை ஏற்றுக்கொள்ளாமல் எதிர்த்தது.

அதிகாரசபையின் காரணங்களைக் கவனிக்க வேண்டும். விலையைக் கூட்டியது குற்றம் என்று அவர்கள் சொல்லவில்லை. கம்பனி போட்ட முதல் எவ்வளவு, எடுத்த ஆபத்து எவ்வளவு, வந்த இலாபம் எவ்வளவு என்று பார்த்தார்கள். பழகிய மருந்து என்பதால் ஆபத்து சிறிது. பதிவுக்குச் செலவழித்தது உண்மைதான், ஆனால் விலைக்கும் அதற்கும் பொருத்தமில்லை. காப்புறுதிக் கம்பனிகள் விலை பேச வந்தபோது ஒழுங்காகப் பேசவும் இல்லை. வாங்குபவருக்கு வேறு கடையே இல்லாத நிலையில் இப்படிச் செய்வதைத்தான் சட்டம் தடுக்கிறது. போட்டி உள்ள சந்தையில் ஒருவர் விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அங்கே அதிகாரசபைக்கு வேலையே இல்லை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை விலைச்சீட்டு ஒட்டாததற்குத் தண்டம் அடிக்கும் சட்டமாக மட்டுமே பலர் அறிந்திருக்கிறார்கள். போட்டியைக் கெடுக்கும் நடவடிக்கைகளை விசாரிக்கும் பொறுப்பும் அதற்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பொருளுக்கு ஏக விநியோகஸ்தராக இருப்பவர்கள் அந்தப் பக்கங்களையும் ஒருமுறை வாசித்து வைப்பது நல்லது.

கம்பனிகளின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் நான் தயாரில்லை. பதிவு செய்த மருந்து என்றால் அதன் தரத்துக்கும் பக்கவிளைவுக்கும் ஒருவர் பொறுப்பாக நிற்கிறார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் பாட்டில் கலக்க ஆரம்பித்தால், அரிய நோய்க்கு உண்மையாகவே பணம் போட்டு மருந்து தேடுபவர்கள் ஒதுங்கிப் போகலாம். அதனால்தான் பாமசியின் விதிவிலக்கைத் தன் சொந்த நோயாளி, வைத்தியரின் சீட்டு, சிறு அளவு என்று இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அம்ஸ்டர்டாம் பாமசி ஐரோப்பா முழுதுக்கும் கெப்சியூல் விற்கப் புறப்படவில்லை, புறப்பட்டிருக்கவும் முடியாது.

ஆனாலும் அந்தச் சிறிய அளவே பேரம் பேசும் மேசையில் எடையைக் கூட்டுகிறது. இதே நாட்டின் ரொட்டர்டாம் நகரில் எரஸ்மஸ் ஆஸ்பத்திரியில் இன்னொரு சம்பவம். ஒரு வகைப் புற்றுக் கட்டிக்கு ஏற்றும் லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்தை உருவாக்கியதில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பெரும் பங்கு உண்டு. நான்கு முறை ஏற்றும் முழுச் சிகிச்சைக்கான மருந்தைத் தன் பாமசியில் சுமார் 16,000 யூரோவுக்குச் செய்து வந்தது. அதன் உரிமையைப் பெற்ற கம்பனியை 2018இல் நொவார்ட்டிஸ் வாங்கியது. பதிவு பெற்ற மருந்தின் விலை 90,000 யூரோவைத் தாண்டியது. எரஸ்மஸ் ஆஸ்பத்திரி கம்பனி மருந்துக்கு மாறாமல் தன் தயாரிப்பையே தொடர்ந்தது.

சி.டி.சி.ஏ. விவகாரமும் ஒல்லாந்தோடு முடியவில்லை. 2022 மே மாதத்தில் இத்தாலியின் போட்டி அதிகாரசபை அதே கம்பனிக்கு 35 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. அந்த வருடம் நவம்பரில் ஸ்பெயின் 1 கோடியே 2 இலட்சத்து 50 ஆயிரம் யூரோ விதித்தது. விலையைக் குறைக்கச் சொன்னதோடு, மூலப்பொருள் தொழிற்சாலையோடு போட்டிருந்த தனி ஒப்பந்தத்தையும் ஸ்பெயின் அதிகாரிகள் விட்டுவைக்கவில்லை.